பாதியில் நின்ற பாடம்

"பாஸ்டர், இந்தாங்க சண்டே ஸ்கூல் சாவி. இன்னையோட நான் ஒதுங்கிக்கிறேன்."

பாஸ்டர் சாவியை வாங்கவில்லை. "என்ன பிளம்பரே, பிள்ளைங்க மரியாதை இல்லாம ஏதும் பேசிட்டாங்களா?"

"பேசினாத்தானே! கல்லுல நார் உரிச்சாலும் உரிச்சிடலாம். ஒன்பது வாரமா கேள்வி கேக்குறேன், ஏழு பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கல."

அதுவாவது போகட்டும், எந்த ஞாயிறும் அவருடைய பாடம் பாதியைத் தாண்டியதில்லை. முதல் வாரம் நாற்காலிக் கால் கழன்றது. அடுத்த வாரம் மேசை ஆடியது. பிறகு கதவுத் தாழ்ப்பாள். கை கழுவும் குழாய் மட்டும் மூன்று முறை ஒழுகிவிட்டது. பைபிளை மூடி வைத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்து பழுது பார்ப்பார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கதையளப்பார்கள். ஒருவன் கணக்கில் ஃபெயில் ஆனதை வீட்டில் மறைத்துவிட்டானாம். 'ஊமைக்கோட்டான்' என்று அவர் கேலி செய்யும் பெண்கூடப் போன வாரம், அம்மா வீட்டை விட்டுப் போனதைச் சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் குழாய் சரியாகிவிட்டது. "கதை போதும், பாடத்துக்கு வாங்க" என்று எல்லோரையும் விரட்டினார்.

"என் சொந்தப் பையனே ஃபோன்ல 'சரிப்பா'ன்னு சொல்லி வெச்சிடுறான். அவன்கிட்டதான் பேசத் தெரியல, இந்தப் பிள்ளைங்களுக்காவது பிரயோசனமா இருக்கலாம்னு வந்தேன். அதுக்கும் நான் லாயக்கில்ல, பாஸ்டர்."

"இன்னைக்கு ஒரு பாடத்தையாவது முழுசா நடத்துங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

வீம்புக்கு ஒரு மணி நேரம் முன்பே கூடத்துக்குப் போனார். கண்ணில் பட்ட திருகாணியை எல்லாம் முறுக்கினார். சின்ன ஸ்பேனர் இரண்டாம் வாரமே எங்கோ தொலைந்துவிட்டது. குழாயோடு பெரிய ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டினார்.

"எங்கே, இன்னைக்கு ஆடு பாப்போம்!" என்று மேசையை மிரட்டினார்.

எதுவும் ஆடவில்லை. பாடம் கடைசி வரி வரை ஓடியது. தாளில் இருந்த பத்துக் கேள்விகளையும் கேட்டார். பிள்ளைகள் நெளிந்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதில் மட்டும் வரவில்லை.

"சரி. அடுத்த வாரத்துலேருந்து வேற ஒருத்தர் வருவாரு" என்றார். "எனக்கு உங்ககூடப் பேசத் தெரியல. மனசுல வெச்சுக்காதீங்க."

சட்டென்று ஊமைக்கோட்டான் எழுந்தாள். தன் பையில் கைவிட்டு எதையோ எடுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்குப் போனாள்.

"ஏய், அங்கே என்ன பண்றே?"

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மற்ற ஆறு பேரும் அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அங்கிள், குழாய் ஒழுகுது. வந்து கீழ உக்காருங்க. எங்க அம்மா கதையை நான் இன்னும் முடிக்கல" என்றவளின் கையில், இத்தனை வாரமாக அவர் தேடிக்கொண்டிருந்த சின்ன ஸ்பேனர் இருந்தது.