என்ஜின் பார்க்கப் போனவர்

கப்பல் கிளாஸ்கோவை விட்டு நகர்ந்ததுமே அப்பா எழுந்துவிட்டார்.

"கீழ போய் என்ஜினைப் பாத்துட்டு வரேன்."

கோடை விடுமுறையில் அந்தக் கப்பலேறும் எல்லா அப்பாக்களும் என்ஜின் பார்க்கத்தான் போவார்கள். மதுக்கடை என்ஜினுக்குப் பக்கத்தில் இருந்தது.

அம்மாவின் கோட்டில் மதுவிலக்குச் சங்கத்தின் வெள்ளை ரிப்பன். பக்கத்திலேயே சங்கத்தின் செயலாளர் மிஸஸ் கால்பிரைத்.

"நெட்டா," என்றாள் அம்மா, "ஒங்கப்பன் என்ன பண்றான்னு பாத்துட்டு வாடி. குடிச்சிருந்தா அடுத்த வருஷம் கப்பலும் கிடையாது, கடலும் கிடையாது."

எட்டு வயதில் நான் உளவாளி. சம்பளம் ஒரு ஐஸ்கிரீம். ஆனால் கப்பலே போய்விடும் என்றால் ஐஸ்கிரீமை எங்கே நின்று தின்பது?

கீழே, மதுக்கடையில் எங்கள் தெருவின் அப்பாக்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். என் அப்பா மட்டும் இல்லை.

அவர் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து, வாயைப் பிளந்தபடி, பெரிய இரும்புக் கைகள் முன்னும் பின்னும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே என்ஜின் பார்க்கிற அப்பா. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். தொண்டை வறண்டுபோயிற்று. அம்மாவின் டீ பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, ஒரே மடக்கு.

இருமலும் கண்ணீருமாக நல்ல சேதியைச் சொல்லி முடிப்பதற்குள் மிஸஸ் கால்பிரைத்தின் மூக்கு விடைத்தது.

"விஸ்கி வாடை அடிக்குதே."

அந்த நேரம் பார்த்தா அப்பா படியேறி வரவேண்டும்?

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் குனிந்து என் கண்ணைத் துடைத்தார். என் வாயருகே அவர் மூக்கு ஒரு கணம் நின்றது. பிளாஸ்க்கைப் பார்த்தார். வெள்ளை ரிப்பனைப் பார்த்தார்.

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு வாய்தாங்க குடிச்சேன்," என்றார் அப்பா, மிஸஸ் கால்பிரைத்திடம். "புள்ள கேட்டுச்சேன்னு அதுக்கும் ஒரு சொட்டு குடுத்துட்டேன்."

கரை சேரும்வரை அந்த அம்மாளின் உபதேசத்தைத் தலைகுனிந்து கேட்டார். எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் கிடைத்தது. இரண்டையும் வாங்கித் தந்தது அம்மா. நான் வாயைத் திறந்தது தின்பதற்கு மட்டும்தான்.

அடுத்த வருஷம் டிக்கெட் வாங்கியதும் அம்மாதான்.

கப்பல் நகர்ந்தது. அப்பா எழுந்தார்.

அம்மா பிளாஸ்க்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."