குதிரைமசால் மேல யாருக்குச் சந்தேகம் வரும்?

செவலை ஆடு ஆட்டுக்காரருக்குச் செல்லம். மத்த ஆடெல்லாம் காட்டுல காஞ்ச புல்லை மேயும். இதுக்கு மட்டும் தோட்டத்துல பயிர் பண்ணுன குதிரைமசால் பச்சைத் தீனி, அதுவும் மூணு வேளை. ஆனா ரெண்டு வருசமா சினை பிடிக்கல. பட்டியே "மலடி"ன்னு கூப்புட ஆரம்பிச்சுருச்சு. அடுத்த சந்தையில கறிக்குத் தள்ளிடலாம்னு ஆட்டுக்காரரும் முடிவு பண்ணிட்டாரு.

செவலை மேஞ்சுக்கிட்டே அழுதுச்சு. "நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. என்னைத் தின்னே, அவ்வளவுதான்," அப்படின்னுச்சு குதிரைமசால். "என்னையே வயிறு முட்டத் தின்னா சினை நிக்காது. என்னைக் கடிக்கிற வாய் பெருகுனா நான் எப்படிடி பொழைக்கிறது?"

"அடிப்பாவி! இதை அந்த ஆளுகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டாத்தானே சொல்ல? கிடாயை மாத்துனாரு. கோயிலுக்கு நேந்துக்கிட்டாரு. உன்னைத் திட்டுனாரு. தண்ணி பாய்ச்சித் தன் கையால வளத்த என்னைச் சந்தேகப்படுவாரா?"

மறுநாள் ஆட்டுக்காரர், "விக்கப்போற மலடிக்குப் பச்சைத் தீனி ஒரு கேடா?"ன்னு செவலையைக் காட்டுக்குப் பத்திவிட்டாரு. அவர் ஏற்கெனவே கழிச்சுவிட்ட பழைய கிடாயும் அங்கதான் மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. நோய் பரவுதுன்னு சந்தையை மூடிட்டதால ரெண்டும் பல மாசம் காஞ்ச புல்லுலயே கெடந்துச்சுங்க.

செவலைக்குச் சினை பிடிச்சுருச்சு.

"சாமி கண்ணைத் தொறந்துருச்சு!"ன்னு குதிச்சாரு ஆட்டுக்காரர். செவலையைத் தோட்டத்துக்கே திரும்பக் கூட்டிட்டு வந்து, "இனிமே உனக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டேன் தாயி"ன்னு ஒரு பெரிய கட்டு குதிரைமசாலை முன்னால போட்டாரு.

கட்டுக்குள்ள இருந்து ஒரு குரல் கேட்டுச்சு: "என்னடி, சௌக்கியமா?"