பாதத்துப் பொடி

மரத்தாலான அந்த அம்மனை மூன்று முறை குளிர்பெட்டியில் வைத்து உறையவிட்டும், உள்ளே துளைக்கும் வண்டுகள் சாகவில்லை. இன்று அருங்காட்சியகக் கிடங்கைத் திறந்தபோதும் அவள் பாதத்தடியில் ஒரு பிடி மரத்தூள் உதிர்ந்துகிடந்தது. கூட்டியெடுக்க நான் தூரிகையைத் தேடுவதற்குள், ஆடிதோறும் தன் ஊர்ச் சாமியைப் பார்க்க வரும் முப்பிடாதி குனிந்து அதைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள். நிறைமாதமாக நின்ற மகளுக்கும் பூசிவிட்டு, மிச்சத்தை முந்தானையில் முடிந்தாள்.

"போன வருசம் ஒரு சிட்டிகைதான் சார் குடுத்தா. இந்த வருசம் பாருங்க, அள்ளிக் குடுத்திருக்கா."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். மகள் வயிற்றைப் பிடித்தபடி அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஆடிக்குப் புள்ளையோட வருவேன். அப்பவும் குடுப்பா இல்ல, சார்?" என்று கேட்டாள் மகள்.

"இதவிட நெறையக் குடுப்பாம்மா" என்றேன்.