கீழே விட்ட இடம்

ஈரத்தாள் கல்லில் ஒட்டிக்கொண்டது. அவள் தூரிகையால் தட்டத் தொடங்கினாள்.

தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கும். பிறகு மேலே மையை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் விழும். கல்வெட்டுத் துறையில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை.

தலைக்கு மேல் தார்ப்பாய். அதன் மேல் மழை.

மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டும்போது பழைய ஏரிக்கரைக்குள்ளிருந்து கிளம்பிய கல் இது. தோண்டிய ஜேசிபியில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். கல்லை நகர்த்தினால்தான் அவருக்கு அடுத்த வேலை.

"மெதுவா பாருங்க மேடம். கல்லு எங்க ஓடப் போவுது."

அவள் மையை ஒற்றினாள்.

ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கல்வெட்டுகள். மூன்று நூற்றாண்டுகள். நல்ல காலத்தில் யாருக்கும் இந்தக் கல்லின் நினைப்பு வரவில்லை போலிருக்கிறது.

முதலாவது மழை பொய்த்த காலம்.

'பிள்ளைகளை நெல்லுக்குக் கொடுத்தோம். கீழே இடம் விட்டோம்.'

இரண்டாவது, படை வந்த காலம்.

'பிள்ளைகளை நெற்குழியில் இறக்கிக் கல்லால் மூடி ஓடினோம். கீழே இடம் விட்டோம்.'

மூன்றாவது, பேதி கண்ட காலம். எழுத்து ஏறக்குறைய இன்றைய எழுத்து.

'நோய்ப்பட்டவர்களை வீட்டில் வைத்துப் பூட்டி மலைக்குப் போனோம். குரல் கேட்டது. கீழே இடம் விட்டோம்.'

திரும்பி வந்தோம் என்று ஒன்றிலும் இல்லை.

நான்காவது இடத்தில் எழுத்தே விழவில்லை. 'கீழ்ப்பகுதி சிதைந்துள்ளது' என்று குறிப்பேட்டில் எழுதினாள். கைப்பழக்கம். எழுத்து இல்லாத எந்தக் கல்லுக்கும் துறையில் அதைத்தான் எழுதுவார்கள்.

எழுதிவிட்டுத் தாளை விலக்கி விரலால் தடவினாள்.

சிதைவு இல்லை. நன்றாக உளியால் கொத்தி, தேய்த்து வழவழப்பாக்கி, வரி கோணாமல் எழுத மெல்லிய கோடுகூடப் போட்டு வைத்திருந்தார்கள்.



கை தானாகப் பைக்குள் போனது. சாவி இருந்தது.

மழை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அவளுக்கு விடவில்லை. கணவனுக்கு ஓசூரில் வேலை. ஏழு வயது முல்லையை வீட்டுக்குள் விட்டு, வெளியே கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள். யார் வந்து கத்தினாலும் உள்கதவைத் திறக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்ல வைத்திருந்தாள்.

வீடு, ஏரிக்கரை நகர், இரண்டாம் தெரு, தரைத்தளம். ஏரியைத் தூர்த்தவர்கள் பெயரை மட்டும் தூர்க்காமல் விட்டிருந்தார்கள்.

சவரிமுத்துவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார்.

"மேல் ஏரி ஷட்டர தூக்கிட்டாங்களாம். கெளம்புங்க மேடம்."

அவள் வீட்டுக்கு அழைத்தாள்.

"அம்மா, கதவுக்கு அடியில தண்ணி வருது. தொடைக்கட்டுமா?"

தாள், மை, குறிப்பேடு எல்லாம் கிடந்தது கிடந்தபடி கிடந்தன. அவள் ஜேசிபியின் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாவியை அழுத்தி அழுத்தி உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது.

இரண்டாம் தெருவில் சக்கரம் பாதி முழுகியது. அவள் வீடு தெருக்கோடியில்.

அப்போதுதான் பார்த்தாள்.

எல்லா கேட்டிலும் பூட்டு.

எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே விடுமுறை.

முதல் கேட்டுக்குப் பின்னால் ஒரு பையன் நாற்காலி போட்டு அதன் மேல் நின்றிருந்தான். அடுத்ததில் இரண்டு பெண் குழந்தைகள், கம்பிகளைப் பிடித்துக்கொண்டு. யாரும் கத்தவில்லை. சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அவளிடம் ஒரு சாவி இருந்தது.

"எந்த வீடு மேடம்?"

கடைசி வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நேரே விடுங்கள், நிற்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். நாற்காலி மேல் நின்ற பையன் அவளையே பார்த்தான். தண்ணீர் நாற்காலியின் இருக்கையைத் தொட்டிருந்தது.

"இங்கேருந்து ஆரம்பிங்க" என்றாள். "ஒவ்வொரு கேட்டா பேத்துக்கிட்டே வாங்க."

குதித்தாள். இடுப்பளவு தண்ணீர்.

பின்னால் இரும்பு முறியும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன், இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தாள். தண்ணீர் எதிர்த்துத் தள்ளியது. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் போனது. முல்லை, முல்லை என்று தொண்டை கிழியக் கத்தினாள். மழையிலும் இயந்திரத்தின் இரைச்சலிலும் அது அவள் குரலாகவே இல்லை.

கத்திக் கத்தி வீட்டு கேட்டை எட்டினாள். பூட்டு தண்ணீருக்குள் இருந்தது. தடவித் துளையைக் கண்டுபிடித்துச் சாவியை நுழைத்தாள். திறந்தது.

கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"முல்லை, கதவத் தொற."

தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த போன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மா," முல்லை கிசுகிசுத்தாள். "வெளியில யாரோ கத்தறாங்க. நீ பயப்படாத. நான் தொறக்கவே மாட்டேன்."