ஒரு தட்டிலும் வித்தியாசமில்லை

"நூற்றி இருபது தட்டு, டிலோஜினி. ஒண்டில கூட வித்தியாசம் இல்லை. அதெப்பிடி?"

போனுக்குள் பேராசிரியர் யசோதரனின் குரல் உயரவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீடியோ கோலில் இருந்த போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எங்கள் வீட்டில் மதில் கரையில் மட்டும்தான் சிக்னல் வரும். டிலோஜினி அக்கா லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தா.

"கவனமா எண்ணினபடியால்தான் சேர்..."

"மனிசர் அப்பிடி எண்ண மாட்டினம். ஒரு தட்டில இருநூறு முட்டை. முதல் தரம் இருநூற்றி மூண்டு எண்டால், அடுத்த தரம் இருநூற்றி ஒண்டு வரும். உம்மட ரெண்டு நிரலும் அச்சுக் குத்தின மாதிரி இருக்கு."

அக்கா கொழும்பில் ஆராய்ச்சி செய்யிறா. ஒரு மில்லிமீற்றர் புழுவில் ஒரு மரபணுவை வெட்டிவிட்டு, அதன் முட்டைகள் பொரிக்கிறதா என்று பார்ப்பது. பொரிக்காவிட்டால், அந்த மரபணு இல்லாமல் உயிரில்லை என்று அர்த்தம். தட்டுகளைப் படம் எடுத்து, பொரித்தது எத்தனை, பொரிக்காதது எத்தனை என்று இரண்டு தரம் எண்ண வேண்டும். இரண்டு வருச வேலை. லீவில் வந்து, கணக்கை அனுப்பியது போன கிழமை.

பலமாக வீசிய கச்சான் காற்றால் கடலுக்குப் போகாமல் நின்ற அப்பா வெளியே வந்தார்.

"என்னடா பிரச்சினை?"

"புழு முட்டைக் கணக்கு அப்பா."

"தூண்டிலில குத்தவும் காணாத புழு. அதுக்கு ஒரு விசாரணையோ?"

சேர் விடவில்லை.

"ரெண்டாம் நிரல் முதலாவதைப் பாத்து எழுதினது. ஓமோ, இல்லையோ? சொல்லும்."

அக்கா லப்டொப்பை மூடினா.

"ஓம் சேர். நான்தான் பாத்து எழுதினனான்."

"அப்ப முதல் நிரலை மட்டும் எப்பிடி நம்பிறது? ரெண்டு வருசமும் போச்சு, பிள்ளை. வெள்ளிக்கிழமை குழு கூடுது. உம்மை இனி வைச்சிருக்க ஏலாது எண்டு எழுதப்போறன்."

"எழுதுங்கோ சேர்."

அவ்வளவுதான். ஒரு கெஞ்சல் இல்லை. அப்பாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"கள்ளக் கணக்கு எழுதவோ உன்னைக் கொழும்புக்கு அனுப்பினனான்? ஊருக்குள்ள எந்த முகத்தோட நடக்கிறது?"

"அப்பா, சேருக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! இஞ்ச நிக்கிறான் பார் உன்ர தம்பி. ஏ.எல். மூண்டு பாடமும் பெயில். ஆனா றிசல்ட் வந்த அண்டே என்ர முகத்துக்கு நேர சொன்னவன். மொக்கனெண்டாலும் பொய் தெரியாது. படிச்ச நீ..."

"வின்சன்ட் ஐயா, அமைதியா இருங்கோ," என்று அப்பாவை அடக்கினார் சேர் போனுக்குள்ளிருந்து. "டிலோஜினி, கடைசியா ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை சேர்."

அக்கா எழும்பி வந்து போனுக்குக் கை நீட்டினா. நான் கொடுக்கவில்லை.

"கிறிஸ்ரி, தா. தந்திட்டு உள்ளுக்குப் போ."

"அக்கா..."

"வாயைத் திறக்காதை. போ எண்டு சொல்லுறன்."

கை நோகத் தொடங்கிவிட்டது. கமராவை என் பக்கம் திருப்பினேன்.

"சேர், நான் அவவின்ர தம்பி. முதல் நிரல் அக்கா உண்மையா எண்ணினது. ரெண்டாம் தரம் வேறை ஆள் எண்ணினால்தான் சரி எண்டு படங்களை என்னட்டத் தந்தவ. முதல் நிரலைத் திறந்து பாக்காமல் எண்ணு எண்டு சொன்னவ. நான் அதைத் திறந்து பாத்துத்தான் எழுதினனான். ஒரு தட்டும் எண்ணேல்ல."