மருந்துக்கு ஏத்த திருகு

விடிவதற்கு முன்னால் குடுபல்லியில் பஸ் ஏறி, சித்தூர் வந்து, துப்பாக்கி ரிப்பேர் கடை வாசல் வெயிலில் நின்று நின்று நரசிம்மனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே?

அவனுக்குப் பின்னால் காரில் வந்த ஜெயச்சந்திரனின் துப்பாக்கியைக் கடைக்காரர் ரங்கையா உடனே வாங்கிச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார். "உக்காருங்க சார்" என்று நாற்காலி வேறு. ஒரு கேள்வி கிடையாது.

நரசிம்மன் கொண்டுவந்ததும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான். குழாயின் வாய் வழியாக மருந்து போட்டு இடிக்கிற பழைய ரகம். காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருப்பது. குழாயின் பின்பக்கத்தை அடைக்கிற திருகு தேய்ந்து, சுட்டால் புகை பின்னால் கசிந்தது. புதுத் திருகு ஒன்று போட்டால் தீர்ந்தது வேலை.

ரங்கையா குழாயை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏ மந்து வேஸ்தாவு?"

"நான் குடிக்கறவன் இல்ல. என்னப் பாத்தா குடிகாரன் மாரி தெரியுதா?"

"சாராயத்தக் கேக்கலப்பா. துப்பாக்கிக்கு இன்னா மருந்து போடறேன்னு கேட்டேன். தெலுங்குல ரெண்டுமே மந்துதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நரசிம்மனுக்குச் சுர்ரென்றது.

"கரி மருந்துதான்."

"இது கரி மருந்து நாத்தமா? பட்டாசு மருந்துப்பா இது. மருந்து எரியற வேகத்துக்குத் தக்கனதான் திருகு கடையணும். கரி மருந்துலயே பெரிய குருணைக்கு ஒரு திருகு, நைசுக்கு ஒரு திருகு. பட்டாசு மருந்துக்கு எந்தத் திருகும் நிக்காது, பிச்சிக்கினு வரும். நல்ல மருந்து வாங்கிக்கினு வா, போட்டுத் தரேன்."

"அதுக்குத் திருப்பதிக்கு எவன் அலையறது? இது எங்க பக்கத்துலயே கெடைக்குது."

"அப்ப துப்பாக்கிய எடுத்துக்கினு போ."

அவ்வளவுதான், நரசிம்மனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"கார்ல வந்த ஆள இன்னா மருந்துன்னு கேட்டியா நீ? எங்க நைனா அந்த மாரி ஆளுங்க நெலத்துல குனிஞ்ச முதுகு நிமிராம செத்தாரு. இப்பத்தான் எனக்குன்னு ஒரு ஏக்கரு வேர்க்கடல. அதையும் பன்னி நோண்டித் துன்னுக்கினு போவுது. கொல்லையில பாதி காலி. மீதியும் போச்சின்னா எம்புள்ளைங்க மண்ணத்தான் துன்னணும். நீ இன்னான்னா மோந்து பாத்துக்கினு நாயம் பேசற. காரு இருந்தாத்தான் மனுசனா? இல்லாதவன் உசுருன்னா அவ்ளோ எளக்காரமா?"

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவரு கேக்கறதும் நாயந்தானே ரங்கையா" என்றார் ஒருவர்.

ரங்கையாவின் முகம் சுருங்கிவிட்டது. தன் நாற்காலியை இழுத்து நரசிம்மன் பக்கத்தில் போட்டார்.

"உக்காருப்பா. அவருக்கு நாற்காலி போட்டு உன்ன நிக்க வெச்சது என் தப்புதான், மனசுல வெச்சிக்காத. ஆனா மருந்து விசயத்துல நான் யாருக்கும் ஓரவஞ்சன பண்ணல. அவருது தோட்டா போடற துப்பாக்கி, அதான் கேக்கல. இந்த மருந்தப் போட்டுச் சுட்டா திருகு தெறிச்சி நேரா கண்ணுல பூந்துடும். புள்ளகுட்டிக்காரன் நீ. உனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா ஊட்ல யாரு பாக்கறது? அந்த பயத்துலதான் மாட்டேன்னேன்."

நரசிம்மனுக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. இந்த ஆள் இவ்வளவு நேரம் முரண்டு பிடித்தது இதற்குத்தானா? சிரிப்புக்கூட வந்தது.

"இதுக்கா ரங்கையாண்ணா இவ்ளோ யோசன? மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. நீ தைரியமா திருகப் போடு. சுடறது நான் இல்ல. அதுக்குக் கூலிக்கு ஒரு ஆளு வெச்சிருக்கறேன்."