கட்டிலடியில் மழை

பூங்கொத்து வாங்கியாயிற்று. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய ஆள்தான் யாரென்று தெரியவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், மேடையில் வசனம் மறந்த பிள்ளை மாதிரி கூட்ட அறை வாசலில் நின்று, வருகிறவர் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தார்.

எல்லாம் அந்தக் கவிதை செய்த வினை. வளாகத்தின் மாத இதழுக்கு அவர்தான் ஆசிரியர். படைப்புப் பெட்டியில் வழக்கமாக விடுகதையும் சமையல் குறிப்பும்தான் விழும். போன மழையின்போது ஒடுங்கலாக, நீளமாக ஒரு தாள் விழுந்திருந்தது. வரிக்கு ஒன்றிரண்டு சொல்தான். அடியில் பெயர் இருந்த இடம் ஈரத்தில் கரைந்து நீலக் கறையாகியிருந்தது.

'கண்ணீர்' என்று தீர்மானித்தார் செயலாளர். 'மாநகரில் பெருமழை' என்று தானே தலைப்பு வைத்து, முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டார்.

மழை உள்ளே
வந்துவிட்டது.
கட்டிலடியில்
கிடக்கிறது.
அவர் நாற்காலி
நனைகிறது.
அவர் இருந்தால்
உங்களைக்
கூப்பிடமாட்டேன்.
வாருங்கள்.

இதழ் வந்த மறுநாளே வளாகம் இரண்டுபட்டது.

"படிச்சு அழுதுட்டேன் சார்" என்றார் மேல்மாடி டீச்சர், லிஃப்டுக்குள்ளேயே மூக்கை உறிஞ்சியபடி. "மழைன்னா வெறும் மழையா? தனிமை சார்! கடைசியில 'வாருங்கள்'னு யாரைக் கூப்பிடறாங்க? கடவுளை!"

"கடவுளுக்குக் கட்டிலடியில என்னடி வேலை?" என்றார் அவர் கணவர்.

"ஊரே மழை மழைன்னு தவம் கிடக்குது. வந்த மழையைப் போய்க் குறை சொல்றதா? நன்றி கெட்ட கவிதை" என்று பல் டாக்டர் கடிந்துகொண்டார்.

பொருளாளர்தான் அடிமடியில் கை வைத்தார். "எதுகை கிடையாது, மோனை கிடையாது. இவரே எழுதிட்டு, இவரே தண்ணியைத் தெளிச்சுப் பேரை அழிச்சிருக்காரு. புகழாசை யாரை விட்டுது!"

செயலாளருக்குச் சுருக்கென்றது. "ஆண்டுக் கூட்டத்துல கவிஞரை எல்லார் முன்னாடியும் நிறுத்திக் காட்டறேன். முடியலேன்னா இதழும் வேண்டாம், இந்தப் பதவியும் வேண்டாம்!" என்று சபதம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க" என்றார் மனைவி.

கூட்டம் தொடங்கியபோது வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. செயலாளர் முதலில் ஆண்டறிக்கை வாசித்தார்.

"வாயால சொல்ற குறைக்கு மதிப்பில்ல, எதுவானாலும் எழுதிப் புகார்ப் பெட்டியில போடுங்கன்னு விதி கொண்டுவந்தோம். இந்த வருஷம் ஒரே ஒரு புகார்கூட என் மேஜைக்கு வரல. அப்படி ஒரு நிர்வாகம்!"

முன்வரிசையில் அவர் மனைவிக்கு ஏனோ புரையேறியது.

பிறகு கவிதையை எடுத்தார். கண்ணை மூடி, குரலைத் தழைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். 'அவர் இருந்தால்' என்ற இடத்தில் டீச்சர் கைக்குட்டையை எடுத்தார். பொருளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இதை எழுதின கவிஞர் இந்த அறையில இருந்தா, தயவுசெய்து..." செயலாளரின் குரல் நிஜமாகவே நடுங்கியது.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். மருந்துக் கடையில் பில் போடுகிறவர், கீழ்த்தளத்துக்காரர். கணவர் தவறி வருஷம் திரும்பவில்லை. செருப்பு கையில் இருந்தது. புடவைக் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அது நான் எழுதினதுங்க."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பொருளாளர் முகம் தொங்கியது. போன உயிர் திரும்பி வந்தவராய்ச் செயலாளர் பூங்கொத்தோடு ஓடினார்.

"அம்மா! பெரிய பெரிய கவிஞர்களுக்கே கைவராத சுருக்கம்! எப்படிம்மா?"

"கையில பில் தாள் சுருள்தாங்க இருந்துச்சு. அதுல ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் பிடிக்கும்."

டீச்சர் முண்டியடித்து வந்தார். "அந்த நாற்காலி... அது மரணத்துக்குக் குறியீடுதானே?"

"இல்லைங்க, பிரம்பு நாற்காலி. அவரு சாயங்காலம் உட்கார்றது. மத்த சாமான் போனா போகுது, அதை மட்டும் என்னால தனியாத் தூக்கி மேல வைக்க முடியல. போன மழையில எழுதிப் போட்டேன், யாரும் வரல. இன்னைக்கும் சாக்கடை எதிர்த்துக்கிட்டு உள்ளே வருது. நாலு பேர் வாங்களேன்."

முதலில் நகர்ந்தவர் டீச்சரின் கணவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். பல் டாக்டரும் பின்னால் ஓடினார்.

பொருளாளருக்குத் தாமதமாகத்தான் விடிந்தது. "அப்போ இது புகாரா? ஏம்மா, படைப்புப் பெட்டிக்குப் பக்கத்துலயே புகார்ப் பெட்டி இருக்கே, அதுல போட்டிருக்கலாமே?"

நீட்டிய பூங்கொத்தை வாங்காமல், அந்தப் பெண் சுவரில் தொங்கிய பெட்டியைப் பார்த்தார்.

"அதுல வாய்வரைக்கும் கடுதாசி அடைஞ்சு கிடக்குதுங்களே, எங்கே போடறது?"